மார்கழியில் கதிரவன் காணாத ஊர்கள்

நார்வே நாட்டின் வடபகுதியில் உள்ள த்ரோம்சோ நகரில், ஆண்டுதோறும் ஜனவரி 21-ஆம் நாள் நண்பகலை ஒட்டிப் பள்ளிப் பிள்ளைகளும் கடைக்காரர்களும் அலுவலகத்தாரும் வெளியே வந்து தெற்கு நோக்கி நிற்கிறார்கள். வானம் தெளிந்திருந்தால் மலைகளுக்கு நடுவே கதிரவனின் விளிம்பு சில நிமிடங்கள் தென்படும். அவ்வளவுதான், உடனே மறைந்துவிடும். ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்காக ஊரே காத்திருக்கிறது. அடுமனைகளில் 'சூரிய ரொட்டி' என்ற பெயரில், உள்ளே பழப்பாகு வைத்த உருண்டை ரொட்டி அன்று விற்பனையாகும். அதை உண்டு, ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டு வேலைக்குத் திரும்புகிறார்கள்.

நம் பஞ்சாங்கத்தில் அப்போது தை பிறந்து ஏறத்தாழ ஒரு வாரம் ஆகியிருக்கும். கதிரவனுக்குப் பொங்கல் படைத்து, கரும்பும் மஞ்சளும் வைத்து வணங்கிய ஈரம் நம் முற்றங்களில் இன்னும் காய்ந்திராது. பூமியின் மறுகோடியில், நம் வழிபாட்டைப் பற்றி ஏதும் அறியாத மக்கள், அதே வாரத்தில் அதே தேவனை எதிர்கொண்டு நிற்கிறார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி.

த்ரோம்சோ வட துருவ வட்டத்துக்கும் ஏறத்தாழ 350 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. அங்கே நவம்பர் 27 வாக்கில் அடிவானத்துக்குக் கீழே செல்லும் கதிரவன் ஜனவரி 15 வாக்கில்தான் மீண்டும் அடிவானத்தைத் தொடுகிறான். நடுவே மலைகள் மறைப்பதால் ஊருக்குள் காட்சி தருவதற்கு இன்னும் ஒரு வாரம் பிடிக்கிறது. கார்த்திகை இரண்டாம் வாரத்தில் தொடங்கி மார்கழி முழுவதும் அங்கே சூரியோதயம் என்பதே இல்லை. சரியாகத் தை பிறக்கும்போதுதான் அந்த நீண்ட இரவு முடிகிறது. அந்தக் காலத்துக்கு அவ்வூரார் இட்ட பெயரின் பொருள் 'இருட்காலம்' என்பது. ஆயினும் அது முழு இருட்டு அன்று. நண்பகலில் சில மணி நேரம், நம் ஊரில் அருணோதயத்துக்கு முன் தோன்றும் நீல வெளிச்சம் போன்ற ஒன்று பனியின் மீது படர்ந்து நிற்கும். பிறகு அதுவும் அடங்கிவிடும்.

தேவர்களுக்கு உத்தராயணம் பகல், தட்சிணாயனம் இரவு, மார்கழி அவர்களுடைய பிரம்ம முகூர்த்தம் என்று பெரியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த ஊரின் கணக்கு வியப்பளிக்காது. மேருவில் உறையும் தேவர்கள், கதிரவன் மேஷத்தில் புகும்போது உதயத்தைக் கண்டு, ஆறு ராசிகளைக் கடக்கும்வரை அவனைத் தொடர்ந்து காண்கிறார்கள் என்று சூரிய சித்தாந்தம் கூறுகிறது. வட துருவத்தில் ஆறு மாதம் பகலும் ஆறு மாதம் இரவும் நிலவுவதை நேரில் சென்று காணாமலேயே கணித்துச் சொன்ன நூல் அது. தேவர்களுக்கு அந்த இரவு துன்பமாக இருந்திருக்காது. மனிதர்களுக்கு அப்படி இல்லை என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

நார்வேயின் தென்பகுதியில், டெலமார்க் மாவட்டத்தில், ரியூக்கான் என்று ஒரு சிற்றூர் உண்டு. அது துருவ வட்டத்துக்கு வெகு தெற்கே இருப்பதால் முறைப்படி அங்கே தினமும் சூரியன் உதிக்கத்தான் செய்கிறது. ஆனால் ஊர் அமைந்திருப்பது ஆழமான, குறுகிய பள்ளத்தாக்கில். செப்டம்பர் இறுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதிவரை, ஏறத்தாழ ஆறு மாதம், தெற்கு மலையைத் தாண்டி ஒரு கதிர்கூட ஊருக்குள் விழாது. தலைக்கு மேலே வானம் நீலமாக ஒளிரும். எதிர் மலையின் உச்சி பொன்னிறமாக மின்னும். தெருவில் மட்டும் நிழல். கண்ணுக்கு எட்டியது கைக்கு எட்டாத அந்த நிலை, முழு இருட்டைவிடவும் மனத்தை வருத்தக்கூடும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்குள்ள அருவியிலிருந்து மின்சாரம் எடுக்கவும் அதைக் கொண்டு உரம் தயாரிக்கவும் சாம் ஐடே என்ற தொழிலதிபர் உருவாக்கிய ஊர் இது. 1911-இல் அங்கே இயங்கத் தொடங்கிய வெமோர்க் மின் நிலையம் அந்நாளில் உலகிலேயே பெரியது. வேலைக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள்; அவர்களுக்கு வீடும் பள்ளியும் மருத்துவமனையும் கிடைத்தன; வெயில் மட்டும் கிடைக்கவில்லை. 1913-ஆம் ஆண்டு, ஆலையில் கணக்கெழுதிவந்த ஆஸ்கார் கிட்டில்சன் என்பவர் உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு யோசனை எழுதினார். மலைமேல் பெரிய கண்ணாடிகளை நிறுத்தி, அங்கே விழும் வெயிலை ஊருக்குள் திருப்பிவிட்டால் என்ன என்பது அந்த யோசனை. நாள் முழுவதும் வரவையும் செலவையும் கூட்டிக்கொண்டிருந்த ஒரு கணக்குப்பிள்ளைக்குத்தான் ஊரின் பேரேட்டில் விட்டுப்போன இனம் எது என்று தெரிந்திருக்கிறது!

அந்நாளின் தொழில்நுட்பத்தால் அது கைகூடவில்லை. ஐடே அந்த யோசனையில் ஆர்வம் காட்டினார். ஆனால் கண்ணாடி வரவில்லை. வெயிலை ஊருக்குக் கொண்டுவர முடியாவிட்டால் ஊரை வெயிலிடம் கொண்டுபோகலாம் என்று நினைத்த நிறுவனம், 1928-இல் மலைமேல் ஏறும் கம்பிவட ஊர்தி ஒன்றை அமைத்து மக்களுக்குக் கொடையாக அளித்தது. குளிர்கால விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு மேலே சென்று, சற்று நேரம் வெயிலில் நின்றுவிட்டு இறங்குவதற்காகவே அமைந்த வசதி அது. இன்றும் ஓடுகிறது. இலாபத்துக்காக நடத்தும் ஒரு நிறுவனம், தொழிலாளரின் மனம் வாடாதிருக்க வெயில் தேவை என்று உணர்ந்து பணம் செலவிட்டது என்பதை இக்காலத்து நிறுவனங்களும் கவனிக்கலாம்.

கணக்கரின் கனவு நனவாகச் சரியாக 100 ஆண்டுகள் ஆயின. அவ்வூரில் குடியேறிய மார்ட்டின் ஆண்டர்சன் என்ற கலைஞர் இடைவிடாது முயன்றதன் பயனாக, 2013 அக்டோபரில், சதுக்கத்துக்கு 450 மீட்டர் உயரத்தில் மலைச் சரிவில் மூன்று கண்ணாடிகள் நிறுவப்பட்டன. ஒவ்வொன்றும் 17 சதுர மீட்டர். கதிரவன் நகர நகரக் கணினியின் துணையால் அவையும் திரும்புகின்றன. கீழே சந்தைச் சதுக்கத்தில் ஏறத்தாழ 600 சதுர மீட்டர் பரப்பில் வெயில் விழுகிறது. ஆறு மாதம் நிழலில் கிடந்த அந்த இடத்தில் இப்போது முதியோர் நாற்காலியைப் போட்டு, கண்ணை மூடி, முகத்தை உயர்த்தி அமர்ந்திருப்பதைக் காணலாம். 2015-இல் ஐக்கிய நாடுகள் சபையின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இவ்வூர் இடம்பெற்றது. அது தொழில் வரலாற்றுக்காக. ஆனால் கண்ணாடியைப் பார்க்கவென்றே வரும் பயணிகளும் உண்டு.

ஆந்திரத்தில் நாகலாபுரம் வேதநாராயணப் பெருமாள் ஆலயத்தில், பங்குனியை ஒட்டிய மூன்று நாட்களில், மாலைக் கதிர் கருவறைக்குள் நுழைந்து பெருமானின் பாதத்தில் தொடங்கி நாளுக்கு நாள் மேலேறுவதைத் தரிசித்த அன்பர்கள் பலர் இருப்பார்கள். சீகாகுளம் மாவட்டத்து அரசவல்லியில் சூரிய நாராயணரின் திருவடியில் ஆண்டுக்கு இருமுறை இளங்கதிர் படுகிறது. அங்கே ஒளி பகவானைத் தேடி உள்ளே வருகிறது. ரியூக்கானில் ஒளியைத் தேடி மனிதர்கள் மலையேறிக் கண்ணாடி வைத்தார்கள். கதிர் வந்து விழும் இடம் அறிந்து கட்டிய நம் சிற்பிகள் இந்தக் கணக்கரைக் கண்டிருந்தால் தோளில் தட்டிக் கொடுத்திருப்பார்கள்.

ஒளி குறைந்தால் மனம் ஏன் வாட வேண்டும்? மூளையின் நடுவே கடுகளவே உள்ள ஒரு நரம்புக்கூட்டம் உடலின் கடிகாரமாக வேலை செய்கிறது. கண் வழியே நுழையும் காலை ஒளியைக் கொண்டே அது தினமும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. எப்போது உறங்குவது, எப்போது விழிப்பது, எப்போது பசிப்பது என்பவற்றை அதுவே வகுக்கிறது. காலை ஒளி கிடைக்காதபோது கடிகாரம் பின்தங்குகிறது. உறக்கம் மிகுதியாகும், அல்லது வராமலே போகும், இனிப்பின் மீதும் சோற்றின் மீதும் ஆவல் பெருகும், பேசப் பிடிக்காது, வழக்கமாகச் செய்யும் காரியம்கூட மலையாகத் தோன்றும். தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த நார்மன் ரோசென்தால் என்ற மருத்துவரும் அவருடன் பணியாற்றியோரும் 1984-ஆம் ஆண்டு இதை ஒரு நோயாக வரையறுத்து, பருவகால மனச்சோர்வு என்று பெயரிட்டார்கள். வெயில் நிறைந்த ஊரிலிருந்து சென்ற ஒருவருடைய கண்ணில் இது பட்டது தற்செயல் அன்று.

முதியோருக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளித்து, உள்ளே செல்லும் ஒளி குறைகிறது. புரை இருந்தால் இன்னும் குறையும். பேரனுக்குப் போதுமான வெளிச்சம் பாட்டிக்குப் போதுவதில்லை.

இங்கேதான் நம் குடும்பங்களின் கதை வருகிறது. 1956-இல் யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற அந்தோணி இராஜேந்திரம் என்பவரே நார்வேயில் குடியேறிய முதல் தமிழர் என்பர். 1980-களில் இலங்கைத் தமிழ் இளைஞர்கள் படிக்கவும் அடைக்கலம் தேடியும் சென்றார்கள். பலர் வடகோடி மீன்பிடி ஊர்களில், பனிக்கும் இருட்டுக்கும் நடுவே, மீன் பதனிடும் ஆலைகளில் உழைத்துக் குடும்பங்களைக் காத்தார்கள். பின்னர் தமிழ்நாட்டிலிருந்து கணினிப் பொறியாளர்கள் சென்றார்கள். இப்போது அவர்களுடைய பெற்றோர் செல்கிறார்கள். மகளுக்குப் பிரசவம், மகனுக்கு வீடு குடிபுகல், பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை. இவை எதுவும் பருவம் பார்த்து வருவதில்லை.

சென்னையில் மார்கழியின் மிகக் குறுகிய பகல்கூடப் பதினோரு மணி நேரத்துக்கும் மேல். ஒஸ்லோவில் டிசம்பர் 22 வாக்கில் காலை 9.18-க்கு உதயம், பிற்பகல் 3.12-க்கு அஸ்தமனம், ஆறு மணி நேரம்கூட முழுதாக இல்லை. பகற்பொழுதை எட்டாகப் பகுத்து இராகுகாலம் கணிக்கும் பெரியவர், அங்கே அது ஒன்றரை மணி நேரம் அன்று, முக்கால் மணிதான் என்று கண்டு மகிழலாம். த்ரோம்சோவில் அந்த மாதம் முழுவதும் இராகுகாலமே இல்லை! மகிழ்ச்சிக்குரிய செய்தி அத்துடன் முடிகிறது.

மகனும் மருமகளும் இருட்டில் புறப்பட்டு இருட்டில் திரும்புவார்கள். இடைப்பட்ட நேரத்தில், இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள் வெளி ஓசையை முழுவதும் தடுத்துவிட்ட வீட்டில், முதிய தாய் தனித்திருக்கிறார். பால்காரர் மணி இல்லை, கீரைக்காரியின் குரல் இல்லை, எதிர்வீட்டுக் கோலம் இல்லை. வெளியே சென்றால் பனிக்கட்டியில் சறுக்கி விழும் அச்சம். மார்கழி என்று மனம் துடிக்க, அதிகாலையில் எழுந்து கற்பூரம் ஏற்றினால், கூரையில் பொருத்திய புகை எச்சரிக்கை மணி வீடே அதிர அலறுகிறது. குழந்தை விழித்து அழுகிறது. அன்றோடு ஊதுவத்தியும் நிற்கிறது. திருப்பாவை ஒலிபரப்பைக் கேட்கலாம் என்றால், இந்தியாவில் அதிகாலை நாலரை மணி, அங்கே நள்ளிரவு.

சில வாரங்களில் உணவு செல்லவில்லை என்பார். கால் வலி என்பார். ஜபமாலையை எடுத்தால் மனம் நிற்கவில்லை, பகவான் தன்னைக் கைவிட்டுவிட்டான் போலிருக்கிறது என்பார். மருமகள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று ஊரிலுள்ள தங்கையிடம் தொலைபேசியில் கண்ணீர் விடுவார். மருமகளோ, வந்த நாள் முதல் அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார் என்று கணவரிடம் சொல்வார். வெளிச்சக் குறைவு விளைவித்த வாட்டத்துக்கு இருவரும் ஒருவரையொருவர் காரணமாக்கிக்கொள்கிறார்கள். வசந்தம் வந்து வாட்டம் தீர்ந்தாலும், அந்த டிசம்பரில் சொன்ன சொற்கள் குடும்பத்தில் தங்கிவிடுகின்றன. இந்தச் சோர்வுக்கு ஒரு பெயர் உண்டு, அது பக்திக் குறைவோ பாசக் குறைவோ அன்று என்று முன்கூட்டியே அறிந்திருந்தால், பாதிச் சண்டை நடந்தே இருக்காது.

போரில் களைத்து, மேலே என்ன செய்வது என்ற சிந்தையில் ஆழ்ந்து நின்ற இராமபிரானுக்கு அகத்தியர் உபதேசித்தது ஆதித்ய ஹ்ருதயம். வால்மீகி இராமாயணத்தின் யுத்த காண்டத்தில் அந்தக் கட்டம் வருகிறது. சோர்வு அவதார புருஷனையும் அணுகியது என்பதை ஆதிகவி மறைக்கவில்லை. அந்த நேரத்தில் முனிவர் சுட்டிய திசை கதிரவன். தினமும் பாராயணம் செய்யும் அன்பர்களும் அந்தச் சூழ்நிலையை மறந்துவிடுவதுண்டு.

அந்நாட்டு மக்கள் எப்படித் தாங்குகிறார்கள் என்பதைப் பார்த்தால் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அமெரிக்காவைச் சேர்ந்த காரி லீபோவிட்ஸ் என்ற உளவியல் ஆய்வாளர், 2014-ஆம் ஆண்டு த்ரோம்சோவுக்குச் சென்றார். இத்தனை இருட்டிலும் அங்குள்ளோர் எதிர்பார்த்த அளவுக்குச் சோர்வடையாதது ஏன் என்பதே அவருடைய கேள்வி. குளிர்காலத்தைத் துன்பமாகக் கருதாமல், அதற்கென்றே உரிய இன்பங்கள் உண்டு என்ற எண்ணத்தோடு அதை எதிர்கொள்வோர் அங்கே மிகுதி என்பதைக் கண்டார். வடக்கே செல்லச் செல்ல அந்த எண்ணம் வலுத்திருந்ததாம். அதற்காக அங்கே யாருக்கும் சோர்வே வருவதில்லை என்று கொள்ளக்கூடாது. உறக்கம் கெடுவோர் உண்டு, மருந்து உண்போர் உண்டு, மருத்துவரிடம் செல்வதற்குக் கூச்சப்படுவோர் குறைவு. அந்தக் கூச்சமின்மையும் கற்றுக்கொள்ளத் தக்கதே.

டிசம்பர் தொடங்கியதும் வீட்டு ஜன்னல்கள்தோறும் ஏழு சுடர் கொண்ட விளக்குத் தண்டும் நட்சத்திர விளக்கும் ஏறிவிடுகின்றன. திரைச்சீலையை மூடுவதில்லை, தெருவில் செல்பவருக்கும் அந்த ஒளி உரியது. கார்த்திகை மாலையில் திண்ணையிலும் மாடத்திலும் அகல் வைத்துப் பழகிய பாட்டிக்கு இதைவிடப் பழக்கமான காட்சி வேறென்ன இருக்க முடியும்? நண்பகல் வெளிச்சம் இருக்கும் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில், பனி பெய்தாலும் வெளியே சென்று நடந்துவிட்டு வருவதை அவர்கள் ஒரு நியமமாகவே வைத்திருக்கிறார்கள். மேகம் மூடிய பகலில்கூட வெளியே கிடைக்கும் ஒளி, வீட்டு விளக்கின் ஒளியைப்போலப் பன்மடங்கு. கைக்குழந்தைகளைக் கம்பளியில் சுற்றித் தள்ளுவண்டியோடு வெளியே உறங்கவைப்பதைக் கண்டு நம் பாட்டிமார் பதறுவது இயல்பு. பதற வேண்டியதில்லை. காலணியின் அடியில் மாட்டிக்கொள்ளும் முள் பட்டை ஒன்று அங்கே எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். அதை மாட்டிக்கொண்டால் பனிக்கட்டியில் கால் வழுக்குவது குறையும். இருட்டில் வண்டியோட்டிகளின் கண்ணில் படுவதற்கு ஒளி எதிரொலிக்கும் பட்டையையும் மேலங்கியில் குத்திக்கொள்கிறார்கள். மகன் வாங்கித் தரும் முதல் பரிசு சால்வையாக இருப்பதைவிட இவ்விரண்டாக இருப்பது நலம்.

மீன் ஈரல் எண்ணெயைக் குளிர்காலத்தில் தினமும் ஒரு கரண்டி குடிப்பது அவர்களுடைய பரம்பரை வழக்கம். கதிரவன் தாழ்ந்து செல்லும் மாதங்களில் தோல் வைட்டமின் டி தயாரிக்க இயலாது. கருநிறத் தோலுக்கு வெயில் இன்னும் மிகுதியாகத் தேவை. சைவ உணவினர் மீன் எண்ணெயைத் தொட மாட்டார்கள். ஆட்டு ரோமத்தின் மெழுகிலிருந்தும், பாறையில் படரும் ஒருவகைப் பாசியிலிருந்தும் எடுத்த மாத்திரைகள் உண்டு. பின்னது முழுக்கத் தாவர வகை. எவ்வளவு உட்கொள்வது என்பதை இரத்தப் பரிசோதனைக்குப் பின் மருத்துவர் சொல்லட்டும்.

ஒளிச் சிகிச்சைக்கு என்று 10,000 லக்ஸ் அளவுள்ள விளக்குகளும் விற்கின்றன. காலையில் எழுந்தவுடன் அரை மணி நேரம் அதன் முன் அமர்வது பலருக்குப் பயன் அளிக்கிறது. விளக்கை நேரே உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. அதன் முன் அமர்ந்து சகஸ்ரநாமம் சொல்லலாம், செய்தித்தாள் படிக்கலாம். விழித்திரை நோய் உள்ளவர்களும், மனம் அளவுமீறிக் கிளர்ச்சியடையும் நோய் முன்பு இருந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது.

ஒஸ்லோ நகரின் வடகிழக்கே அம்மெரூட் பகுதியில் இலங்கைத் தமிழர்கள் அமைத்த சிவசுப்பிரமணியர் ஆலயம் இருக்கிறது. கோடையில் அங்கே நடக்கும் தேர்த்திருவிழா பெரிதாகப் பேசப்படுவது. ஆனால் முதியோருக்கு அந்த ஆலயம் மிகத் தேவைப்படுவது குளிர்காலத்தில்தான். பனி மூடிய தெருவைக் கடந்து உள்ளே நுழைந்து, கனத்த காலணியையும் மேலங்கியையும் கழற்றி வைத்துவிட்டு நிமிர்ந்தால் விபூதி மணமும் மணியோசையும் தமிழ்ப் பேச்சும் ஒருசேர எதிர்கொள்கின்றன. தமக்கு முன்பே வந்து பல குளிர்காலங்களைக் கண்ட யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், "முதல் வருசம் எனக்கும் உப்பிடித்தான் இருந்தது, பயப்பிடாதேங்கோ" என்று சொன்னால், அந்தச் சொல்லுக்கு இணையான மருந்து கடையில் இல்லை. வாரம் ஒருமுறையேனும் பெற்றோரை ஆலயத்துக்கு அழைத்துச் செல்வதைப் பிள்ளைகள் ஒரு சலுகையாக எண்ணாமல் கடமையாகக் கொள்ள வேண்டும். பெர்கன் நகரிலும் தமிழர் ஆலயம் உண்டு.

வீட்டிலும் சில மாற்றங்கள் செய்யலாம். அடுக்ககத்தில் சுவாமி படங்கள் பெரும்பாலும் ஜன்னலற்ற அலமாரிக்குள் குடியேறிவிடுகின்றன. அவற்றை வெளிச்சம் வரும் ஜன்னலருகே எழுந்தருளச் செய்தால் பூஜை நேரமே ஒளி பெறும் நேரமும் ஆகும். அடுப்பின் மேலுள்ள புகைபோக்கியின் கீழே சிறு நெய்விளக்கு ஏற்றினால் எச்சரிக்கை மணி பொறுத்துக்கொள்ளும். எழும் நேரம், உண்ணும் நேரம், நடக்கும் நேரம் இவை மாறாமல் இருக்க வேண்டும். மார்கழியில் விடியுமுன் எழுந்து, குளிரில் வெளியே நடந்து, பலரோடு கூடிப் பாடி, சூடான பொங்கல் உண்டு வீடு திரும்பும் நம் வழக்கத்தில் இவை அத்தனையும் அடங்கியிருந்தன. வழிபாட்டுக்காக ஏற்பட்டது அது. மனத்துக்கும் நன்மை செய்தது. வெளிநாட்டில் அதைத் துண்டு துண்டாகத்தான் மீட்க வேண்டியிருக்கிறது.

இமயத்தில் பத்ரிநாத் ஆலயம் நவம்பரில் நடை சார்த்தப்படும்போது, உத்தவரும் குபேரரும் கீழே பாண்டுகேசுவரத்துக்கு எழுந்தருளுகிறார்கள். மாணா கிராமத்தாரும் உயரத்தை விட்டு இறங்கி வந்துவிடுகிறார்கள். அவ்வூர்ப் பெண்கள் நெய்த கம்பளியில் நெய் பூசி மூலவருக்குச் சார்த்திவிட்டு வருவது மரபு. பனிக்காலத்தில் ஓரிடத்தில் இருந்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் நம் மரபில் தெய்வத்துக்கும் இல்லை. ஆகவே, அவசியம் இல்லாதபோது ஐரோப்பியப் பயணத்தை மே முதல் ஆகஸ்டு வரை அமைத்துக்கொள்வதும், குளிர்காலத்தில் சென்று வாட்டம் மிகுந்தால் கூச்சமின்றி ஊர் திரும்புவதும் தோல்வி ஆகாது. பிள்ளைகள் மனம் புண்படுமோ என்று எண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டு மார்ச்வரை இருப்பவர்கள் உண்டு; அது யாருக்கும் நன்மை செய்வதில்லை.

இரண்டு வாரங்களுக்கு மேலாக வாட்டம் நீங்காமல், உணவும் உறக்கமும் கெட்டு, எதிலும் விருப்பம் இன்றி இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு குறைபாடும் வைட்டமின் பி12 குறைபாடும் இதே தோற்றத்தைக் காட்டக்கூடும் என்பதால் பரிசோதனை தேவை. "போய்ச் சேர்ந்தால் போதும்" என்ற பேச்சு நம் முதியோர் வாயில் வழக்கமாக வருவதுதான். ஆனால் வழக்கத்துக்கு மாறாக, தனியே அமர்ந்து, திரும்பத் திரும்ப அதையே சொன்னால் அதைப் பேச்சுவாக்கு என்று ஒதுக்காமல் அன்றே உதவி நாட வேண்டும். நார்வேயில் அவசர மருத்துவ உதவிக்கு 113. அவசரம் அல்லாத, ஆனால் காத்திருக்க முடியாத தேவைக்கு 116117. இந்தியாவில் மனநல ஆலோசனைக்கு அரசு நடத்தும் கட்டணமற்ற எண் 14416, தமிழிலும் பேசலாம். பயணத்துக்கு முன்பே காப்பீடு எடுத்து, வழக்கமாக உண்ணும் மருந்துகளைச் சீட்டோடு கையில் வைத்திருப்பது நல்லது.

த்ரோம்சோவுக்கும் வடக்கே, துருவத்தை நெருங்கிய ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் லாங்இயர்பியன் என்ற குடியிருப்பு இருக்கிறது. அங்கே அக்டோபர் இறுதியில் சென்ற கதிரவன் பிப்ரவரி நடுப்பகுதியில்தான் அடிவானத்துக்கு மேலே வருகிறான். மலைகள் சூழ்ந்த ஊருக்குள் கதிர் விழுவது மார்ச் 8 வாக்கில். பழைய மருத்துவமனை ஒன்றின் படிக்கட்டுகள் மட்டும் இன்னும் எஞ்சி நிற்கின்றன, கட்டடம் இல்லை. முதல் கதிர் அந்தப் படிகளைத் தொடும் நேரத்தையே ஊர் கணக்காக வைத்திருக்கிறது. அன்று நண்பகலுக்குப் பின் எல்லோரும் அங்கே கூடுகிறார்கள். குழந்தைகள் முகத்தில் மஞ்சள் வண்ணம் பூசிக்கொண்டு, கதிரவனைப் பெயர் சொல்லிக் கூவி அழைக்கிறார்கள். மேகம் மறைத்துவிட்டால் மறுநாளும் வந்து நிற்கிறார்கள்.